நூறு சதவீதம் என்றால் எத்தனை பேரில்?

பொங்கல் கழிந்து பள்ளிகளில் திருப்புதல் தேர்வு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளில் எது நல்ல பள்ளி, அதை எப்படித் தெரிந்துகொள்வது? சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர், குடியாத்தத்திலிருந்து ஒருவர், மலைமேலிருந்து ஒரு டீச்சர் என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை, எந்தப் பள்ளியின் பெயரையும் போடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். ஜூனில் வேறு பள்ளிக்கு மாற்றியாக வேண்டும். போய்வரும் தூரத்தில் இரண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று பெண்கள் பள்ளி, வாசலிலேயே பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று இருபாலர் பள்ளி, தொண்ணூறுக்கும் கீழே. அக்கம்பக்கத்தில் எல்லோரும் நூறில் சேர் என்கிறார்கள். ஆனால் அந்த இருபாலர் பள்ளியில் படிக்கும் என் அண்ணன் பெண், அங்கே நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்கிறாள். எதை நம்புவது?
— ஒரு தாய், சத்துவாச்சாரி

அம்மா, பேனர் பொய் சொல்வதில்லை, ஆனால் முழுக் கணக்கையும் சொல்வதில்லை. அந்த நூறு எத்தனை பேரில் நூறு என்று கேளுங்கள்.

தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதினவர்களில் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கு, அவ்வளவுதான். எழுத வராதவர் அதில் கிடையாது. ஒன்பதாவதிலேயே நிறுத்திவைக்கப்பட்டவர் கிடையாது, பத்தாவது நடுவில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு போனவரும் கிடையாது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்வு அறைக்கு வரவில்லை. அன்று அது பெரிய செய்தியாக இருந்தது. மே மாதம் ரிசல்ட் வந்தபோது சதவீதத்தில் அவர்கள் இல்லை, பேச்சிலும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், இது நான் வைத்துக்கொண்ட எண்கள்தான், எந்தப் பள்ளியுடையதும் அல்ல. முதல் பள்ளியில் ஒன்பதாவதில் 60 பேர், பத்தாவது தேர்வு எழுதியது 45 பேர், 45 பேரும் பாஸ். பேனரில் நூறு. இரண்டாவது பள்ளியிலும் ஒன்பதாவதில் 60 பேர், எழுதியது 58, பாஸ் 52. இது 89.66 சதவீதம், பேனர் கட்ட முடியாது. இப்போது இரண்டையும் ஒன்பதாவதில் சேர்ந்த அந்த 60 பேரை வைத்துப் பாருங்கள். முதல் பள்ளி பத்தாவதைத் தாண்ட வைத்தது நூற்றுக்கு 75 பேரை. இரண்டாவது பள்ளி கிட்டத்தட்ட 87 பேரை. உங்கள் மகள் அந்த 60 பேரில் ஒருத்தியாகத்தானே உள்ளே போகப் போகிறாள்? அவளுக்கு எந்தக் கணக்கு முக்கியம்?

நம் மாநிலத்தில் எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை, அதனால் ஒன்பதாவதுதான் முதல் சல்லடை. ஆகவே எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: முந்தின வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், மறு வருஷம் பத்தாவது தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள்? அப்பா அம்மா வேலைக்காக ஊர் மாறிப் போகிற பிள்ளைகள் உண்டு, அதனால் இரண்டு மூன்று பேர் குறைந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பதினைந்து பேர் குறைந்தால் அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. பெண்கள் பள்ளியையும் இருபாலர் பள்ளியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநில அளவில் மாணவிகள் 95.88 சதவீதம், மாணவர்கள் 91.74 சதவீதம் பாஸ். பெண்களுக்கும் பையன்களுக்கும் இடையிலேயே நான்கு புள்ளி வித்தியாசம் வந்துவிடுகிறது. வேலூரில் பெண்களுக்குத் தனி, பையன்களுக்குத் தனி என்று பழைய பள்ளிகள் நிறைய இருப்பதால் இந்தத் தப்பு இங்கே அடிக்கடி நடக்கிறது. பையன்கள் பள்ளியில் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தரும் ஆசிரியர்கள், பக்கத்து பெண்கள் பள்ளியோடு ஒப்பிடப்பட்டு ரிவ்யூ கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இருபாலர் பள்ளியாக இருந்தால் மாணவிகளின் தேர்ச்சி மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அது கிடைக்கும்.

ஒரே வருஷத்து ரிசல்ட்டை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். பன்னிரண்டு பேர் எழுதும் சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குத் தேர்வு நாளில் காய்ச்சல் வந்து தவறினால் 91.67. நூற்றைம்பது பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளை தவறினால் 99.33. மூன்று நான்கு வருஷம் சேர்த்துப் பாருங்கள். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் பத்தாவது தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். அந்த வருஷங்களையும் சேர்த்து தொடர் சாதனை என்று யாராவது போட்டிருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

பாஸ் என்பது 35 மதிப்பெண். 36 வாங்கினவளும் 96 வாங்கினவளும் சதவீதத்தில் ஒன்றுதான். மினிமம் மெட்டீரியல் என்று பத்துப் பதினைந்து கேள்விகளை மட்டும் திரும்பத் திரும்ப எழுதவைத்து ஒரு வகுப்பையே கரையேற்ற முடியும், நானும் எழுதவைத்திருக்கிறேன். தவறிவிடுவான் என்ற நிலையில் இருக்கும் பையனுக்கு அது பெரிய உதவி, அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் வகுப்பு முழுக்க அதை மட்டுமே செய்தால் பிளஸ் ஒன்னில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தவுடன் பிள்ளைகள் அழுகிறார்கள். அதனால் கணக்கிலும் அறிவியலிலும் 60-க்கு மேல் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். 2017-இலிருந்து முதல் மூன்று இடம், ரேங்க் என்று அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது, நல்ல முடிவு. ஆனால் பள்ளிக்குள் மதிப்பெண் பட்டியல் இருக்கத்தான் செய்கிறது, தலைமையாசிரியர் மனது வைத்தால் எத்தனை பேர் எந்த அளவில் என்று சொல்லிவிடுவார்.

இப்போது எண்களை விட்டுவிட்டு நேரில் போங்கள். கோடை விடுமுறையில் போகாதீர்கள், அப்போது பூட்டின வகுப்பறையைத்தான் பார்க்க முடியும். இப்போதே, பள்ளி நடக்கும் நாளில், காலை பத்தரை மணிக்குப் போங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் யார் எடுக்கிறார்கள், அவர் நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவரா, மாற்றுப்பணியில் வாரம் இரண்டு நாள் வந்துபோகிறவரா, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) தரும் சம்பளத்தில் இருப்பவரா என்று கேளுங்கள். பி.டி.ஏ. ஆசிரியர் என்றால் குறைந்தவர் என்று அர்த்தமில்லை, எனக்குத் தெரிந்து சில ஆயிரம் ரூபாய்க்கு ராத்திரி வரை நோட்டு திருத்தினவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் நடுவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் மார்ச் வரை அந்தப் பாடத்துக்கு ஆள் இருக்க மாட்டார்கள், அதுதான் பயம்.

பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். உங்கள் மகள் உயிரியல் கணிதம் எடுக்க நினைக்கிறாள், அங்கே வணிகவியலும் தொழிற்கல்வியும் மட்டும் இருந்தால் இரண்டு வருஷத்தில் மறுபடி பள்ளி மாற வேண்டும். இன்னொரு விஷயம், 2018-இல் தொடங்கின பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணமே, பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தியதுதான். இனி அது திரும்ப வரலாம். பிளஸ் ஒன் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். மாதத்தில் மூன்று நாள் லீவு போடும் பெண் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு மாதப் பாடத்தை இழக்கிறார்கள், எந்த ரிசல்ட் ஆராய்ச்சியிலும் இந்தக் காரணம் எழுதப்படுவதில்லை.

ஆவணமாக வேண்டும் என்றால் யூடைஸ் பிளஸ் என்ற மத்திய அரசின் பள்ளி விவரத் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33 என்று தொடங்கும். வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை, நூலகம் எல்லாம் அங்கே இருக்கிறது. ஒன்பதாவது, பத்தாவது எண்களை அடுத்தடுத்த வருஷங்களில் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதினவர் எத்தனை பேர் என்று பள்ளியில் சொல்ல மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுதுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் இரண்டும் சமம் போலத் தெரிந்தால், பிள்ளைகளை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்ட பள்ளியில் சேருங்கள். உங்கள் அண்ணன் பெண் சொல்வதற்கு நான் நிறைய மதிப்புக் கொடுப்பேன். தினமும் அந்த பெஞ்சில் உட்காருகிறவள் அவள்தான்.

ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வந்தால் வேலூர் மாவட்டம் கடைசி என்று பேப்பரில் போடுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது. நம் ஆசிரியர்கள் அவ்வளவு மோசமா?
— ஒரு வாசகர், குடியாத்தம்

கடைசி என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் 2024-இல் வேலூர் 82.07 சதவீதம், மாநிலம் 91.55, முதலிடம் பிடித்த அரியலூர் 97.31. 2025-இல் வேலூர் 85.44, மாநிலம் 93.80, முதலிடம் சிவகங்கை 98.31. இரண்டு வருஷமும் கடைசி. ஆனால் கழித்துப் பாருங்கள் தம்பி: மாநில சராசரிக்கும் நமக்கும் 2024-இல் 9.48 புள்ளி இடைவெளி, 2025-இல் 8.36. இடம் மாறவில்லை, தூரம் குறைந்திருக்கிறது. மாவட்டங்களை வரிசைப்படுத்தினால் யாராவது ஒருவர் கடைசியில் நின்றுதான் ஆக வேண்டும். அந்த இடத்தைவிட இந்தத் தூரத்தைத்தான் நான் வருஷா வருஷம் குறித்து வைக்கிறேன்.

இரண்டாவது, பழைய வேலூரையும் இன்றைய வேலூரையும் ஒப்பிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது வட ஆற்காடு மாவட்டம், திருவண்ணாமலையும் நம்மோடு இருந்தது, 1989-இல் பிரிந்தது. பிறகு 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகிவிட்டன. அரக்கோணம், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் போய், வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என்று ஆறு தாலுக்காதான் மிச்சம். முன்பு எத்தனாவது இடம், இப்போது எத்தனாவது இடம் என்று கிராஃப் போடுகிறவர்கள் ஒரே பெயரில் உள்ள இரண்டு வேறு மாவட்டங்களை ஒட்டவைக்கிறார்கள்.

இந்த ஆறு தாலுக்காவுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குடியாத்தத்தில் லுங்கித் தறி, தீப்பெட்டி, பீடி. பேரணாம்பட்டில் தோல். அணைக்கட்டுப் பக்கம் ஜவ்வாது மலை ஊர்கள், அங்கிருந்து குடும்பத்தோடு வேலைக்கு வெளி மாநிலம் போய்விட்டு நடு வருஷத்தில் திரும்பும் பிள்ளைகள். காட்பாடியில் ரயில் ஏறினால் பெங்களூரு, பதினைந்து வயசுப் பையனுக்கு அங்கே கட்டட வேலை காத்திருக்கிறது. அப்புறம் உருது வழிப் பள்ளிகள். 2006-ஆம் வருஷத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி பத்தாவதில் தமிழ் முதல் பாடம், சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு நீதிமன்றம் வருஷா வருஷம் விலக்கு கொடுத்து வந்தது. விலக்கு வருமா வராதா என்று தெரியாமல் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடத்தைப் பிடிப்பது என்று புரியாது, தமிழ் சொல்லித்தர ஆசிரியரும் போதாது.

ஆனால் வறுமை என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. அரியலூர் என்ன பணக்கார மாவட்டமா? மானாவாரி நிலமும் சிமெண்டுச் சுண்ணாம்புக் குழியும் உள்ள ஊர்தான். அங்கே முடிகிறது. ஆசிரியர்கள் மோசமா என்று கேட்டீர்கள், இல்லை. என் அனுபவத்தில் இங்கே வருகைப் பதிவேட்டை நவம்பரிலேயே பார்த்து, தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போன பள்ளிகள் மேலே வந்தன, ஜனவரியில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்த பள்ளிகள் வரவில்லை. வீட்டுக்குப் போக ஆசிரியருக்கு நேரம் வேண்டும், எமிஸ் என்ற துறையின் இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றுகிற வேலையிலேயே நேரம் போனால் எப்படிப் போவது?

இன்னொன்றும் கவனியுங்கள், மாவட்ட சதவீதத்தில் மெட்ரிக் பள்ளிகளும் அடக்கம். அரசுப் பள்ளிகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் தனி எண் வருகிறது. மாநில அளவில் அரசுப் பள்ளிகள் 2024-இல் 87.90, 2025-இல் 91.26. நம் மாவட்ட அரசுப் பள்ளிகளை இந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

மகனை பத்தாவது வரை மெட்ரிக்கில் படிக்கவைத்துவிட்டு, பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவத்தில் 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைக்கும் என்கிறார்களே?
— ஒரு தந்தை, காட்பாடி

கிடைக்காது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது, நிறைய பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் வேறு விஷயம், அதில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் வருகிறார்கள். சலுகைக்காக மட்டும் பிளஸ் ஒன்னில் மாற்றப் பார்க்கிறீர்கள் என்றால் வேண்டாம் சார். பள்ளி பிடித்திருந்து மாற்றினால் தாராளமாக மாற்றுங்கள்.

எங்கள் ஊரில் தொடக்கப் பள்ளி ஒன்று, பக்கத்து ஊரில் நடுநிலைப் பள்ளி ஒன்று. இங்கே பொதுத்தேர்வு எதுவும் கிடையாதே, எதை வைத்து ஒப்பிடுவது? என் பேத்தியை ஒன்றாவதில் சேர்க்க வேண்டும்.
— ஒரு பாட்டி, பள்ளிகொண்டா

உங்கள் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது அம்மா, ஏனென்றால் பத்தாவது ரிசல்ட்டின் வேர் ஒன்றாவது, இரண்டாவது வகுப்பில்தான் இருக்கிறது. ஒன்பதாவதுக்கு வந்த பிறகும் "கட்டடம்" என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு நான் அல்ஜீப்ரா நடத்தினேன்.

ஒப்பிடுவது சுலபம். மூன்றாவது படிக்கும் நாலைந்து பிள்ளைகளைத் தெருவிலேயே கூப்பிட்டு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள், கண்ணில் பட்டவர்களைக் கூப்பிடுங்கள். தடுமாறாமல் படிக்கிறார்களா, படித்ததைத் தங்கள் வார்த்தையில் சொல்கிறார்களா என்று பாருங்கள். கிராமப்புறத்தில் வீடு வீடாகப் போய் எடுக்கும் அசர் கணக்கெடுப்பும் இப்படித்தான், இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். கூடவே 52-இல் 27 போனால் எவ்வளவு என்று ஒரு கடன் வாங்கும் கழித்தல் கொடுங்கள்.

2022-இல் தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பாகப் பார்க்காமல் யாருக்கு எது வரும் என்று பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். அதை உண்மையாகவே செய்யும் பள்ளியில் சுவரில் பிள்ளைகள் செய்த அட்டைகள் தொங்கும், சில பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், சத்தமாக இருக்கும். சத்தத்தைப் பார்த்து ஒழுங்கில்லாத பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை ஆசிரியர்கள் என்றும் கேளுங்கள். சட்டப்படி தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், எண்ணிக்கையில் அது சரியாகவே இருக்கும். ஆனால் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும்போது, ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் என்ன ஆகும்?

காலை உணவு இரண்டு பள்ளியிலும் இருக்கும். நடுநிலைப் பள்ளியில் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: எட்டாவதில் எத்தனை பேர் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதுகிறார்கள்? பாஸ் செய்து பட்டியலில் வந்தால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அந்தத் தேர்வு கட்டாயம் இல்லை, தயார் செய்யச் சொல்லி மேலிருந்து யாரும் நெருக்க மாட்டார்கள். அதற்காகச் சனிக்கிழமை வந்து சொல்லித்தரும் ஆசிரியர் ஒரு பள்ளியில் இருந்தால், நான் மற்ற எதையும் பார்க்காமல் பேத்தியை அங்கே கொண்டுபோய் விடுவேன்.

மலைமேல் உள்ள சின்னப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பத்தாவதில் பதினான்கு பேர். கீழே நகரத்துப் பள்ளிகளோடு எங்களை ஒரே பட்டியலில் போட்டுக் கேள்வி கேட்கிறார்கள். இது சரியா?
— ஒரு டீச்சர், அணைக்கட்டு

சரியில்லை டீச்சர். பதினான்கு பேரில் ஒருவர் என்பது ஏழு சதவீதத்துக்கும் மேல். நீங்கள் ஒன்று செய்யுங்கள், அடுத்த ரிவ்யூ கூட்டத்துக்குப் போகும்போது சதவீதத்தை விட்டுவிட்டுப் பெயர்ப் பட்டியலோடு போங்கள். ஆறாவதில் யார் யார் சேர்ந்தார்கள், அவர்களில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள், போனவர்கள் எங்கே, எந்தத் தோட்டத்துக்கு, எந்த மாதம் திரும்புவார்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். ஆறாவதில் வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களைப் பத்தாவது தேர்வு அறை வரை கொண்டுபோயிருந்தால் நீங்கள் கீழே உள்ள பள்ளிகளைவிடப் பெரிய வேலை செய்திருக்கிறீர்கள், அதைப் பட்டியலில் காட்டினால் அதிகாரிகளுக்கும் புரியும். மனது விட்டுப்போகாதீர்கள்.

என் பையன் ஒன்பதாவது. அரையாண்டில் மூன்று பாடத்தில் தவறிவிட்டான். பள்ளியில் கூப்பிட்டு, இவன் பத்தாவது தாண்ட மாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனியாக எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் தோல் கம்பெனியில் தினக்கூலி. கையெழுத்துப் போடலாமா?
— ஒரு தந்தை, பேரணாம்பட்டு

போடாதீர்கள் ஐயா. முதல் கேள்விக்கு நான் கணக்குப் போட்டுக் காட்டினேனே, 60 பேர் 45 ஆனது, அந்தப் பதினைந்தில் ஒருவன்தான் உங்கள் பையன்.

இது எனக்கு வலிக்கிற விஷயம். வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில், ஒரு பள்ளியில், வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே படித்த ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். இதே மாதிரி கூப்பிட்டு, இதே வார்த்தையைச் சொல்லி அவன் அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். வகுப்பாசிரியர் நான், பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையில் அடித்தது என் கை. அந்த வருஷம் எங்கள் பள்ளிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பத்து வருஷம் கழித்து நேஷனல் சர்க்கிளில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான், நல்லாயிருக்கீங்களா சார் என்று கேட்டான். அவன் கணக்கில் அவ்வளவு மோசமில்லை. அதற்குப் பிறகு எந்த டி.சி.க்கும் பெற்றோர் தாமாகக் கேட்டார்களா என்று தெரிந்துகொள்ளாமல் நான் கையெழுத்துப் போடவில்லை.

டி.சி. என்பது பெற்றோர் கேட்டால் பள்ளி தருவது. நீங்கள் கேட்கவில்லை என்றால் அவர்கள் தர வேண்டியதில்லை. தனியாக எழுதிக்கொள்ளலாம் என்பது சொல்ல எளிது. தனித்தேர்வர் அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பதிவு செய்து வகுப்புக்குப் போக வேண்டும், யார் வீட்டில் சொல்லித்தருவது, மதியச் சாப்பாடு, பஸ் பாஸ், புத்தகம் எல்லாம் போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று நிபந்தனை உள்ள உதவிகளும் நடுவில் அறுந்தால் சிக்கலாகும். எல்லாவற்றுக்கும் மேலே, பள்ளிக்குப் போகாத பையன் ஒரே மாதத்தில் உங்களோடு கம்பெனிக்கு வந்துவிடுவான். அது உங்களுக்கே தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்குப் போங்கள். சண்டை போட வேண்டாம். எந்த மூன்று பாடம், அரையாண்டு விடைத்தாளைக் காட்டுங்கள் சார் என்று கேளுங்கள். 35-க்கு எத்தனை மதிப்பெண் குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். முழு ஆண்டுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. எதுவும் எழுதித் தரச் சொன்னால், டி.சி. வாங்கச் சொல்கிறீர்கள் என்பதை நீங்கள் முதலில் எழுதிக் கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள், கொடுக்க மாட்டார்கள். அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், தலைவர் உங்களைப் போல ஒரு பெற்றோர்தான், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியும் விடவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு போன் செய்து பள்ளியின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

போய்வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். விடைத்தாளில் கணக்கு மதிப்பெண் எவ்வளவு, எந்தக் கேள்வியில் போனது என்றும் எழுதுங்கள், முடிந்தால் அந்தத் தாளையே நகல் எடுத்து அனுப்புங்கள். நான் பார்த்து, எந்தப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பையனுக்குத் தனியாகப் பதில் போடுகிறேன்.